ஒரே புள்ளி, இரண்டு பிழை

ஆரையம்பதியிலிருந்து ஒரு வாசகி: "தரம் 7க்குக் கணிதம் படிப்பிக்கிறேன். தவணைப் பரீட்சைப் புள்ளியை வைத்துப் பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்துப் பரிகாரக் கற்பித்தல் செய்யச் சொல்கிறார்கள். அது போதுமா? நுண்ணறிவுச் சோதனை ஏதும் வைக்கலாமா? பலருக்கு வாய்பாடே பாடமில்லை."

அன்புள்ள ரீச்சர்,

நுண்ணறிவுச் சோதனையை விடுங்கள். பிள்ளை தசமத்தில் எங்கே சறுக்குகிறது என்று அது சொல்லாது. வாய்பாடு பாடமில்லை என்பது கண்ணுக்குத் தெரிகிற குறை. நாளும் பத்து நிமிடம் கேட்டு வந்தால் தேறிவிடுவார்கள். புள்ளி விஷயத்தைத்தான் பேச வேண்டும்.

தசமத்தையே உதாரணத்துக்கு எடுப்போம். பெரிய எண்ணுக்கு வட்டமிடச் சொல்லி ஆறு சோடி கொடுங்கள். முதல் மூன்று சோடி: 0.4உம் 0.35உம், 0.8உம் 0.73உம், 1.6உம் 1.45உம். அடுத்த மூன்று சோடி: 0.62உம் 0.5உம், 0.37உம் 0.2உம், 2.84உம் 2.6உம்.

ஒரு பிள்ளை 35 நாலை விடப் பெரிது என்று பார்க்கும். அதற்கு முதல் மூன்றும் பிழை, அடுத்த மூன்றும் சரி. இன்னொரு பிள்ளை, நூறிலொன்று பத்திலொன்றை விடச் சின்னது, ஆகவே இலக்கம் கூடினால் எண் சிறிது என்று நினைக்கும். அதற்கு முதல் மூன்றும் சரி, அடுத்த மூன்றும் பிழை. இரண்டு பேருக்கும் ஆறுக்கு மூன்று. நேரெதிரான இரண்டு பிழைகளை ஒரே குழுவில் இருத்தி ஒரே பாடத்தை நடத்தினால் யாருக்கு ரீச்சர் பரிகாரம்?

அதைவிடக் கோபம் வருவது, "பின்னால் சைபர் போட்டு இலக்கத்தைச் சமப்படுத்து" என்று குறுக்குவழி சொல்லிக் கொடுப்பதில். 0.40, 0.35 என்று எழுதினதும் முதற்பிள்ளை 40ஐயும் 35ஐயும் ஒப்பிட்டுச் சரியாக வட்டமிடும். முழுவெண் நினைப்பு அசையாது. புள்ளி ஏறும், நீங்களும் விட்டுவிடுவீர்கள். "சைபர் தசம் முப்பத்தைந்து" என்று வாசிக்க விடுவதும் அதே நினைப்புக்குத் தீனி. "மூன்று, ஐந்து" என்று தனித்தனியே வாசிக்கப் பழக்குங்கள்.

கட்டத் தாளில் பத்துக்குப் பத்துச் சதுரம் வெட்டி, முழுச் சதுரமும் ஒன்று என்று சொல்லிக் கொடுங்கள். 0.4க்கு நாலு நிரல் நிறந்தீட்டட்டும், 0.35க்கு மூன்று நிரலும் ஐந்து கட்டமும். இரண்டாவது பிள்ளைக்கு 0.62ஐயும் 0.5ஐயும் கொடுத்து, முழு நிரல் எதில் கூட என்று மட்டும் கேளுங்கள்.

பலத்தையும் பாருங்கள். கடையில் ஒன்றரைக் கிலோ சீனி கேட்டவருக்கு ஒன்றேகால் கிலோ நிறுத்துக் கொடுக்காத பிள்ளைதான் கொப்பியில் 1.25 பெரிது, 1.5 சிறிது என்று எழுதுகிறது. அளவு அதற்குத் தெரியும், இலக்கம் நிற்கிற இடத்தை வைத்து மதிப்பைச் சொல்லும் இடப்பெறுமானக் குறியீடுதான் பிடிபடவில்லை. அந்தப் பிள்ளையைப் போய் மெல்லக் கற்போர் என்று பதியாதீர்கள், பாவம்.

வசனக் கணக்கென்றால் அவுஸ்திரேலியக் கல்வியாளர் நியூமன் 1977இல் தந்த ஐந்து படிகள் போதும்: வாசி, என்ன கேட்கிறது சொல், எப்படிச் செய்வாய், செய்து காட்டு, விடையை எழுது. பிள்ளை தடுமாறி நின்ற படியைக் குறியுங்கள்.

அந்த ஆறு சோடிக்குப் புள்ளி போட வேண்டாம். பெயருக்கு நேரே எந்த மூன்று பிழை என்று மட்டும் எழுதுங்கள். ஒரு மூன்றுக்குள்ளேயே சரியும் பிழையும் கலந்து வந்த பிள்ளையைக் கூப்பிட்டு, "ஏன் இதற்கு வட்டம் போட்டாய்?" என்று கேளுங்கள்.