ஸ்பின் ஓடும்போது மெஷின் ஏன் குதிக்கிறது? வாங்குவோர் கேள்வி-பதில்

வாஷிங் மெஷின் ஆடுகிறது, நகர்கிறது, அலறுகிறது என்று கடிதங்கள் சேர்ந்துவிட்டன. இந்த முறை அது மட்டும்தான்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிக் கொடுத்த புது பிடிஓ வீட்டுக்கு 8 கிலோ ஃப்ரண்ட் லோட் மெஷின் வாங்கினோம். முதல் நாளிலிருந்தே ஸ்பின் வந்தால் சர்வீஸ் யார்டே அதிர்கிறது. மெஷின் ஒரு சாண் முன்னால் நகர்ந்து நிற்கிறது. கடையில் கேட்டால் ‘வீவக வீட்டுத் தரை அப்படித்தான்’ என்கிறார்கள். ஆள் வந்து பார்க்க 60 வெள்ளியாம். கொடுக்கலாமா? – பொங்கோல் வாசகி

கொடுக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெஷினின் முதுகுப் பக்கத்தைப் பாருங்கள். பெரிய போல்ட் தலைகள் மூன்றோ நான்கோ தெரிந்தால் காரணம் அதுதான். உள்ளே இருக்கும் தொட்டி ஸ்பிரிங்கில் தொங்குவது. லாரிப் பயணத்தில் அது அடிபடக் கூடாதென்று தொழிற்சாலையிலேயே போல்ட் போட்டு இறுக்கி அனுப்புவார்கள். அதைக் கழற்றாமல் ஓட்டினால் ஆட்டத்தை ஸ்பிரிங் வாங்கிக்கொள்ள வழியில்லை. அத்தனையும் வெளிக்கூட்டுக்கும் தரைக்கும் போகும். முதலில் போல்ட்டோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்பேனரால் கழற்றி, கூடவே கொடுத்திருக்கும் பிளாஸ்டிக் மூடிகளால் ஓட்டைகளை அடையுங்கள். போல்ட்டுகளை வீசிவிட வேண்டாம், வீடு மாறும்போது தேவைப்படும்.

போல்ட் இல்லையா? அப்போது கால்களைப் பாருங்கள். தண்ணீர் வடிவதற்காக சர்வீஸ் யார்டு தரை சற்றே சரிவாகத்தான் இருக்கும். அதற்காகத்தான் மெஷினுக்குத் திருகு வைத்த கால்கள் கொடுத்திருக்கிறார்கள். மேலே எதிரெதிர் மூலைகளை இரண்டு கையாலும் மாற்றி மாற்றி அழுத்துங்கள். டக் டக்கென்று ஆடினால் ஒரு கால் தரையைத் தொடவில்லை என்று அர்த்தம். ரசமட்டம் வைத்துச் சரிசெய்த பிறகு, காலில் இருக்கும் பூட்டு நட்டை மெஷினின் அடிப்பாகத்தோடு சேர்த்து மேல்நோக்கி இறுக்க வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். இரண்டு வாரத்தில் கால் தானாகத் திரும்பிப் பழைய கதைக்கே வந்துவிடும்.

இனி அந்த 60 வெள்ளிக்கு வருகிறேன். ‘இலவச டெலிவரி, இன்ஸ்டலேஷன்’ என்று பில்லில் அச்சடித்துத் தருகிறார்கள். நடப்பது என்ன? இரண்டு தம்பிகள் வருவார்கள், குழாயை மாட்டுவார்கள், பிளக்கைச் செருகுவார்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். கீழே லாரி காத்திருக்கும், அடுத்த வீட்டுக்காரர் போனில் கத்திக்கொண்டிருப்பார். அந்தத் தம்பிகளை நான் குறை சொல்ல மாட்டேன். இன்ஸ்டலேஷன் என்று எழுதி விற்றுவிட்டு, டெலிவரிக்கான நேரத்தை மட்டும் அவர்களுக்குக் கொடுத்த கடையைத்தான் சொல்வேன். போல்ட்டைக் கழற்றி, மட்டம் பார்த்து, வெறும் தொட்டியை ஒரு தடவை ஸ்பின் ஓட்டிக் காட்டினால்தான் அது இன்ஸ்டலேஷன். விலைக்குள் அடங்கிய வேலையைச் செய்யாமல் விட்டு, அதற்கே இன்னொரு தடவை காசு கேட்பது ஏமாற்று. இதை அப்படியே கடைக்கு எழுதி அனுப்புங்கள் அம்மா. மற்றவர்கள், வெறும் ஸ்பின் ஓடி முடியாமல் டெலிவரித் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

காலடியில் வைக்கும் ரப்பர் பேட் வாங்கினால் ஆட்டம் நிற்குமா? – ஈசூன் வாசகர்

மட்டமில்லாத மெஷினுக்கு அடியில் எதை வைத்தாலும் பயனில்லை. நான் இணையத்தில் ஒரு செட் ரப்பர் பேடும், சக்கரம் வைத்த ஒரு பிளாஸ்டிக் ஸ்டாண்டும் வாங்கினேன். ஸ்டாண்டு ஆட்டத்தைக் கூட்டியது, எடுத்து வீசினேன். கால்களை மட்டம் செய்த பிறகுதான் பேட் கொஞ்சம் சத்தத்தைக் குறைத்தது.

மெத்தைக்குப் போடும் தண்ணீர் புகாத உறையைத் தனியாகப் போட்டுத் துவைத்தேன். ஸ்பின்னில் மெஷின் வெடிப்பதுபோல் குதித்தது. இதோடு மூன்றாவது முறை. மெஷின் தரமில்லை என்று நினைக்கிறேன். பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? – தெம்பனிஸ் வாசகர்

கேட்க முடியாது. முதல் தடவை குதித்ததுமே கையேட்டைத் திறந்து பார்த்திருக்க வேண்டாமா? தண்ணீர் புகாத துணி ஸ்பின்னில் தண்ணீரை வெளியே விடாது, பைபோல் தேக்கி வைத்துக்கொள்ளும். அது ஒரு பக்கமாகத் திரண்டால் சமநிலை போய்விடும். நிமிடத்துக்கு 1,200 சுற்று வேகத்தில், தொட்டிக்குள் துணியோடு சுழலும், கால் மீட்டர் ஆரமுள்ள டிரம்மின் ஓரத்தில் அரைக் கிலோ கூடுதலாக ஒட்டிக்கொண்டாலே, தொட்டியை இழுக்கும் விசை ஏறத்தாழ 200 கிலோ எடைக்குச் சமம். உங்கள் உறைக்குள் தேங்கியது அரைக் கிலோவாகவா இருக்கும்? 2016 நவம்பரில் சாம்சங் அமெரிக்காவில் விற்ற சுமார் 28 லட்சம் டாப் லோட் மெஷின்களைத் திரும்பப் பெற்றது. அதிர்வில் மேல்மூடி கழன்று வரக்கூடும் என்பது காரணம். போர்வை, தண்ணீர் புகாத துணி எல்லாவற்றையும் குறைந்த வேகச் சுழற்சியில் மட்டும் போடச் சொன்னார்கள். அங்கே குற்றம் மெஷினில் இருந்தது, உங்கள் விஷயத்தில் அப்படி இல்லை. உறையைக் கையால் அலசி வடியவிடுங்கள். கனமான போர்வையையும் ஜீன்ஸையும் ஒற்றையாகப் போடாதீர்கள், கூட நான்கு துணி சேருங்கள்.

பழைய சாமான் கடையில் 280 வெள்ளிக்கு மெஷின் வாங்கினேன். மூன்று மாதத்தில் ஸ்பின் சத்தம் விமானம் ஏறுவதுபோல் இருக்கிறது. கீழே துருநிறத் தண்ணீர். பில்லில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று இருப்பதைக் காட்டித் துரத்திவிட்டார்கள். வீட்டில் மூன்று பிள்ளைகள், துணி மலைபோல் குவிகிறது. – உட்லண்ட்ஸ் வாசகி

அந்த வாசகத்துக்கு நீங்கள் பயப்பட வேண்டாம் அம்மா. குறையுள்ள பொருளை விற்ற கடையைப் பொறுப்பேற்க வைக்கும் லெமன் சட்டம் சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பிலிருக்கிறது. கடையில் வாங்கிய பழைய பொருளுக்கும் அது உண்டு. பில்லில் என்ன அச்சடித்தாலும் அந்த உரிமை போகாது. பொருள் கைக்கு வந்து 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது வாங்கும்போதே இருந்த குறை என்றுதான் பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். இல்லையென்று நிரூபிப்பது கடைக்காரர் பாடு. பழைய பொருள் என்பதால் அதன் வயதையும் விலையையும் கணக்கில் எடுப்பார்கள், புது மெஷின்போல் எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் அந்தச் சத்தமும் துருத்தண்ணீரும் டிரம்மைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங் போனதற்கு அடையாளம். மூன்று மாதத்தில் அது போவதை யார் ஒப்புக்கொள்வார்கள்?

ஸ்பின் சத்தத்தைப் போனில் பதிவுசெய்யுங்கள், துருக்கறையைப் படமெடுங்கள். முதலில் பழுதுபார்த்துத் தரவோ மாற்றித் தரவோ எழுத்தில் கேளுங்கள். நியாயமான காலத்தில் செய்யாவிட்டால் விலையைக் குறைக்கவோ பணத்தைத் திரும்பத் தரவோ கேட்கலாம். மசியவில்லையென்றால் கேஸ் என்னும் பயனீட்டாளர் சங்கத்தை நாடுங்கள். அதற்குப் பிறகு சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை அங்கே போகலாம், வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு அலைவது கஷ்டம்தான். ஆனால் விண்ணப்பத்தை இணையத்திலேயே போடலாம். விடாதீர்கள்.

வேலை முடிந்து வந்து இரவு 11 மணிக்குத்தான் துவைக்க முடிகிறது. கீழ்வீட்டுப் பாட்டி குறை சொல்கிறார். – பிடோக் வாசகர்

பாட்டி தூங்கட்டும். டைமர் வைத்துக் காலையில் ஓடவிடுங்கள்.

ஏழு வருட மெஷின். ஸ்பின்னில் தடதடவென்று அடிக்கிறது. மெக்கானிக் பார்க்காமலேயே போனில் ‘பேரிங், 450 வெள்ளி’ என்றார். – ஜூரோங் வெஸ்ட் வாசகர்

பார்க்காமல் விலை சொன்னவரைக் கூப்பிடாதீர்கள். மெஷினை அணைத்துவிட்டு, டிரம்மின் உள்விளிம்பைப் பிடித்து மேலே தூக்குங்கள். தொட்டி அசையாமல் டிரம் மட்டும் லொடலொடவென்று ஆடினால் பேரிங். டிரம்மைக் கீழே அழுத்திவிட்டால் ஒரு குதியில் அடங்க வேண்டும். இரண்டு மூன்று தடவை எம்பினால் தொட்டியின் ஆட்டத்தை அடக்கும் டேம்பர் போயிருக்கிறது, அது பேரிங்கைவிடச் சின்ன வேலை. பேரிங்தான் என்றால், தொட்டியைப் பிரிக்க முடியுமா என்று மெக்கானிக்கிடம் முதலில் கேளுங்கள். இப்போது வரும் பல மெஷின்களில் தொட்டி ஒரே வார்ப்பாக ஒட்டப்பட்டிருக்கும், பேரிங்குக்காக முழுத் தொட்டியையும் மாற்றச் சொல்வார்கள். அப்படியென்றால் 450 வெள்ளியைப் புது மெஷினில் போடுங்கள்.