முற்பிறவியில் கணவன் மனைவியாக வாழ்ந்தோம் என்று ஒருவர் சொன்னால் நம்பலாமா?

உடன் வேலை பார்க்கும் ஒருவர், தாங்கள் இருவரும் முற்பிறவியில் கணவன் மனைவியாக வாழ்ந்ததாகவும், பழைய கோயில் ஒன்றில் நின்றபோது அது தமக்குப் புலப்பட்டதாகவும் சொல்கிறார் என்று கேள்வி கேட்ட பெண்மணி எழுதியிருக்கிறார். அதைக் கேட்ட நாள் முதல் தமக்கும் அப்படியே தோன்றுவதால், நம்பலாமா என்று கேட்கிறார். இதற்கு நான் பதில் சொல்லக் கடமைப்பட்டவன். அந்த மனிதர் இன்று நிற்கும் இடத்தில் 1997இல் நான் நின்றிருக்கிறேன்.

அப்போது எனக்கு 25 வயது. மார்த்தாண்டத்தில் ஒரு டுட்டோரியலில் தமிழ் நடத்திக்கொண்டிருந்தேன். நான் அப்படிச் சொன்ன பெண் அங்கே கணக்கு டீச்சர். ஒரு சனிக்கிழமை மாணவர்களை அழைத்துக்கொண்டு நாங்கள் நான்கைந்து ஆசிரியர்கள் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனோம். எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணைந்துவிட்டாலும் அந்த அரண்மனை இன்றும் கேரள அரசின் பொறுப்பிலேயே இருக்கிறது என்பதை வாசலிலேயே மாணவர்களுக்கு விளக்கிவிட்டு, செருப்புகளைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே நுழைந்தோம். நவராத்திரி மண்டபத்தின் கறுத்த தரை முகம் பார்க்கும் கண்ணாடி போலிருக்கும். அரச குடும்பத்துப் பெண்கள் பிறர் கண்ணில் படாமல் நடனம் பார்ப்பதற்கென்று அங்கே மரத்தாலான பின்னல் சாளரம் ஒன்று உண்டு. வழிகாட்டி அதைச் சுட்டிக்காட்டுவதற்கு முன்பே, அதற்குப் பின்னால் இருட்டான ஓர் இடம் இருக்கிறது என்பதும், அங்கே நின்று யாரோ விம்மி விம்மி அழுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தது என்றுதான் சொல்ல வேண்டும். நினைத்தேன் என்று சொன்னால் பொய்யாகிவிடும். உடம்பு சிலிர்த்தது. திரும்பிப் பார்த்தால் அந்த டீச்சர், ஈரத் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கியபடி, அந்தச் சாளரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அழுதவர் இவர்தான் என்று அந்த நொடியில் முடிவு செய்துவிட்டேன்.

அன்று இரவு முதல் ஒரு கதை தானாக வளர்ந்தது. நான் அரண்மனையில் கணக்கு எழுதியவன். அவர் சாளரத்துக்குப் பின்னால் நின்றவர். எங்களைப் பிரித்தது யார், எப்படி என்பதெல்லாம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக எனக்குப் ‘புலப்பட்டது’. மூன்று வாரம் கழித்து, வகுப்புகள் முடிந்த ஒரு மாலையில், அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அவர் சி.எஸ்.ஐ. சபைக் குடும்பத்தைச் சேர்ந்தவர். “எங்களுக்கு இந்த ஒரு பிறவிதான் சார்” என்றார். பிறகு சிரிக்காமல், “போன பிறவியில நான் உங்க பெண்டாட்டியாவே இருந்திட்டுப் போறேன். இந்தப் பிறவியில என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?” என்றார்.

நான் கேட்கவில்லை. அறிவித்திருந்தேன்.

அன்றைக்கு அது எனக்கு அவமானமாக மட்டுமே இருந்தது. தமிழ் படித்தவன் என்ற மிதப்பில், நம் இலக்கியமே என் பக்கம் நிற்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குறுந்தொகையின் 49ஆம் பாடலில் அம்மூவனாரின் தலைவி, இந்தப் பிறப்பு மாறி மறுபிறப்பு வந்தாலும் நீயே என் கணவனாக வேண்டும், உன் நெஞ்சுக்கு ஏற்றவளாக நானே இருக்க வேண்டும் என்று நெய்தல் நிலத் தலைவனிடம் சொல்கிறாள் அல்லவா? சொல்கிறாள், ஆனால் அவள் பேசுவது வரப்போகும் பிறவியைப் பற்றி. அது விருப்பம், நினைவல்ல. எதிரே நிற்பவனிடம் வேண்டிக் கேட்பதே தவிர உரிமை கொண்டாடுவதல்ல. குறளின் 1315ஆம் பாட்டில், இந்தப் பிறவியில் பிரிய மாட்டோம் என்று காதலன் சொன்னதும் காதலியின் கண்ணில் நீர் நிறைந்துவிடுகிறது, அப்படியானால் அடுத்த பிறவியில் பிரிவோமா என்று. அங்கும் பேச்சு முன்னோக்கியே போகிறது. கன்னியாகுமரிக் கடலில் 133 அடி உயரத்தில் நிற்பவர் அளவுக்கு ஊடலைப் புரிந்துகொண்டவர் வேறு யாரும் இல்லை என்பது என் கட்சி.

முற்பிறவிக் காதலை நேரடியாக எடுத்துக்கொண்டு ஒரு காப்பியமே பேசுகிறது என்றால் அது மணிமேகலைதான். சோழ இளவரசன் உதயகுமரன், காப்பியத்தின் நாயகி மணிமேகலையைத் துரத்தி வருகிறான். துறவை நாடும் அவள் மனமும், தன்னை இழிவாகப் பேசிய அந்தப் புதியவன் பின்னாலேயே போகிறது. அது ஏன் என்று அவளுக்கே விளங்கவில்லை. மணிபல்லவத் தீவில் புத்த பீடிகையைக் கண்டதும் காரணம் தெரிகிறது: போன பிறவியில் அவள் இலக்குமி, அவன் அவள் கணவன் இராகுலன். திட்டிவிடம் என்ற பாம்பால் அவன் இறக்க, அவள் தீயில் விழுந்து உயிர்விட்டவள். நான் புனைந்த கதையை விட ஆயிரம் மடங்கு வலுவான சான்று. இருந்தும் மணிமேகலை அவனோடு போகவில்லை. ஈர்ப்புக்கு விளக்கம் கிடைத்துவிட்டது. ஈர்ப்புக்குக் கீழ்ப்படிய வேண்டிய கட்டாயம் கிடைக்கவில்லை. காயசண்டிகை என்ற இன்னொரு பெண்ணின் உருவில் இருந்த அவளைத் தேடி வந்த உதயகுமரனை, காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் வெட்டிக் கொல்கிறான். அவள் கதறிக்கொண்டு அருகில் போக முயலும்போது தூணில் உறையும் தெய்வமான கந்திற்பாவை தடுத்து, இராகுலனாக இருந்தபோது உணவுக் கலத்தைத் தவறவிட்டு உடைத்த சமையற்காரனை அவன் வெட்டிய வினையே இப்போது வாளாக வந்தது என்கிறது. அதாவது, அந்த முற்பிறவியில் காதல் மட்டும் இல்லை, ஒரு ஏழைச் சமையற்காரனின் சாவும் இருக்கிறது. முற்பிறவிக் காதலர்கள் தங்கள் பழைய பிறவியில் இப்படி ஒரு சமையற்காரனைக் கண்டதாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை. என் கதையிலும் அவன் இல்லை.

கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. அங்கே அறிவு வந்தது விலக நினைத்தவளுக்கு. அடைய நினைத்தவனுக்குக் கடைசி வரை எதுவும் தெரியாது. என் விஷயத்திலும், நீங்கள் எழுதியிருக்கும் விஷயத்திலும், வேண்டியவருக்கே வேண்டியபடி தெரிந்திருக்கிறது.

எங்கள் ஆச்சி மணிமேகலை படித்தவரல்ல. அம்மன் கொடைகளில் விடிய விடிய வில்லுப்பாட்டுக் கேட்டவர். நான் வாடிப்போய்க் கிடந்ததைக் கண்டு விவரம் கேட்டு அறிந்ததும், “முன்ஜென்மப் பந்தம்னு வாறவள எல்லாம் நம்பிராத மக்கா, நீலியும் அப்பிடித்தான் வந்தா” என்றார். என் கதையில் நான்தான் நீலி என்பது அவருக்குப் புரியவில்லை. அல்லது புரிந்தும் பேரன் என்று விட்டுவிட்டார். நாகர்கோவிலுக்கு அருகே கள்ளியங்காடு என்று ஓர் ஊர் இருப்பதால் நீலியின் கதை எங்களுக்குப் பக்கத்து வீட்டுக் கதை. நாங்கள் கேட்டு வளர்ந்த வடிவில், தன்னை நம்பி நகைகளோடு வந்த தாசிப் பெண்ணை, மடியில் தூங்கும்போது ஒருவன் கல்லைப் போட்டுக் கொல்கிறான். பக்கத்தில் நின்ற கள்ளிச்செடியைச் சாட்சி வைத்து அவள் சாகிறாள். மறுபிறவியில் அவன் செட்டியாகப் பிறந்து, பழைய நினைவு எதுவும் இல்லாமல் வியாபாரத்துக்குப் போகும்போது, அவள் கள்ளிக் கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் கணவன் என்று ஊர்ச் சபையில் வழக்குரைக்கிறாள். குழந்தையும் அவனைப் பார்த்து அப்பா என்கிறது. ஊர் நம்பிவிடுகிறது. நீலி சொன்னதில் முற்பிறவி உறவு உண்மை. ஆனாலும் எதிரே நிற்பவனுக்கு அது தெரியாது, தப்பிக்கவும் வழியில்லை. இதைவிடப் பயங்கரமான முற்பிறவிக் காதல் கதையை நான் கேட்டதில்லை.

(குமரித் தேவியைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். மணமகனான சுசீந்திரத்துச் சிவன் முகூர்த்தத்துக்கு வரும் வழியில் நாரதர் சேவலாகக் கூவியதால் நின்றுபோன திருமணத்தின் அரிசிதான் கடற்கரையில் மணலாகக் கிடக்கிறது என்பது ஐதீகம். அவளுக்கு மறுபிறவி என்ற வசதியே இல்லை. ஒரே இருப்பில் நின்று காத்திருக்கிறாள்.)

இனி, உண்மையாக இருக்க முடியுமா என்ற பகுதி. முற்பிறவி நினைவை முறையாக ஆராய முயன்றவர்களில் முக்கியமானவர் வர்ஜீனியா பல்கலைக்கழகத்து மனநல மருத்துவர் இயான் ஸ்டீவன்சன். அவர் தேடிப் போனது குழந்தைகளை; இரண்டு மூன்று வயதில் பேசத் தொடங்கி, பள்ளி வயதில் மறந்துவிடும் குழந்தைகள். அவர்கள் பெரும்பாலும் பேசியது எப்படிச் செத்தோம் என்பதைப் பற்றியும், விட்டுவந்த வீட்டைப் பற்றியும். இரு குடும்பங்களுக்கு இடையே செய்தி கசிந்திருக்கலாம் என்ற ஐயம் அந்த ஆய்வுகள் மீது இன்றும் இருக்கிறது. கணவன் மனைவி உறவு சம்பந்தப்பட்ட புகழ்பெற்ற நிகழ்வு, 1926இல் டெல்லியில் பிறந்த சாந்தி தேவியுடையது. தான் மதுராவில் பிரசவத்துக்குப் பின் இறந்த ஒரு துணி வியாபாரியின் மனைவி என்று சிறுமியாக இருக்கும்போதே சொல்லி, காந்தி அமைத்த குழு 1935இல் அவரை மதுராவுக்கே அழைத்துச் சென்றது. அந்த வியாபாரி அதற்குள் மறுமணம் செய்துகொண்டிருந்தார். சாந்தி தேவி 1987இல் இறக்கும் வரை திருமணமே செய்துகொள்ளவில்லை. அவர் சொன்னது உண்மையோ இல்லையோ, அதைப் படிக்கும்போது எனக்குக் காதல் உணர்வு தோன்றுவதில்லை. ஒன்பது வயதுக் குழந்தை எதற்காக இதைச் சுமக்க வேண்டும் என்றே தோன்றுகிறது.

ஆனால் என் நோயை எனக்குக் காட்டிக்கொடுத்தது ஜெனிவாவில் நடந்த வேறொரு கதை. உளவியலாளர் தியோடர் ஃப்ளூர்னுவா 1900ஆம் ஆண்டுக் காலத்தில் எழுதியது அது. ஹெலன் ஸ்மித் என்று அவர் பெயர் மாற்றிக் குறிப்பிடும் பெண், மயக்க நிலையில், தான் சிமந்தினி என்ற இந்திய அரசியாக வாழ்ந்து கணவனின் சிதையில் எரிந்தவள் என்றார். கணவன் பெயர் சிவ்ரூக நாயக், 1401இல் கன்னட நாட்டில் சந்திரகிரிக் கோட்டையைக் கட்டியவன் என்றார். அந்தக் கணவன் மறுபடி பிறந்து எதிரே உட்கார்ந்திருக்கிறான், அவன்தான் ஃப்ளூர்னுவா என்றும் சொன்னார். எந்த ஆணுக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்திருக்கும். ஃப்ளூர்னுவா நூலகங்களைத் துழாவினார். அந்தப் பெயர்கள், கோட்டை, ஆண்டு எல்லாம் 1828இல் வெளிவந்த, வரலாற்றாசிரியர்கள் பொருட்படுத்தாத ஒரு பழைய பிரெஞ்சு நூலில் இருந்தன; அந்த நூல் ஜெனிவாவிலேயே கிடைத்தது. அவர் அந்தப் பெண்ணைப் பொய்காரி என்று சொல்லவில்லை. எங்கோ கண்ணில் பட்டு, பட்டதே மறந்துபோனது, நினைவென்று தோன்றாமல் புது அனுபவமாக மேலே வருகிறது என்றார்.

இதைப் படித்த பிறகுதான் என் அம்மாவிடம் பத்மநாபபுரத்தைப் பற்றிக் கேட்டேன். அதுவரை கேட்கத் தோன்றவே இல்லை. அம்மா முறத்தை வைத்துவிட்டு, “உனக்கு நாலு வயசு. திருவனந்தபுரத்துக்குச் சாமி எழுந்தருளுததப் பாக்க மாமா தோளில வச்சுக் கொண்டுபோனாரு. அரமனையில நீ காணாமப் போயி, அந்த மரத்தட்டிக்குப் பின்னால இருட்டுல நின்னு ஏங்கி ஏங்கி அழுதியாம்” என்றார். நவராத்திரிக்குச் சரஸ்வதியும் வேளிமலை முருகனும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் ஆண்டுதோறும் புறப்படும் அந்த ஊர்வலம் எனக்கு நினைவே இல்லை. அழுகை மட்டும் நினைவில் இருந்திருக்கிறது.

அந்த உணர்வு பொய்யல்ல என்று இப்போதும் சொல்வேன். அரண்மனைக்குப் போவதற்கு எட்டு மாதம் முன்பிருந்தே, கரும்பலகையில் அந்த டீச்சர் எழுதும் எண்களின் அழகைக்கூட ரசித்துக்கொண்டிருந்தேன். அதைச் சொல்லத் துணிவில்லாதவனுக்கு முந்நூறு ஆண்டு முந்தைய கணக்கெழுத்தன் வாயாக வந்தான். நீங்கள் உங்கள் கேள்வியில், ‘கேட்ட நாள் முதல்’ உங்களுக்கும் தோன்றுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்பதற்கு முந்தைய நாள் அவரைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருந்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்த நாளில் அவரைப் பிடித்திருந்தது என்றால், பிறவிக் கதை இல்லாமலே மேற்கொண்டு பேசலாம். பிடிக்கவில்லை என்றால், இல்லை என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லுங்கள். அதன்பிறகும் அவர் சாட்சிகளை அடுக்கிக்கொண்டே வந்தால், அலுவலகத்தில் உங்களுக்கு நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.

அந்த டீச்சர் மறு ஆண்டே மணமாகி நெய்யாற்றின்கரைப் பக்கம் போய்விட்டார். பல ஆண்டுகள் கழித்து வடசேரி பேருந்து நிலையத்தில் பார்த்தேன்; கையில் பள்ளி வயதுப் பெண் குழந்தை. நலம் விசாரித்துவிட்டு, அம்மா சொன்னதை அவரிடம் சொன்னேன். “அப்போ அழுதது நீங்கதானா சார்?” என்று வாய்விட்டுச் சிரித்தார். திருவனந்தபுரம் வண்டி வந்ததும், குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிப் போய் ஏறினார்.