ஜீவனாம்சம் வரவில்லை, பிள்ளையை அப்பாவிடம் அனுப்ப வேண்டுமா? குடும்ப நீதிமன்றக் கேள்வி பதில்

விவாகரத்து ஆகி இரண்டு வருடம். மகனுக்கு மாதம் 8,000 ரூபாய் தரச் சொல்லி கோர்ட் உத்தரவு. ஐந்து மாதமாக ஒரு பைசா வரவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரிடம் அனுப்புவதை நிறுத்திவிட்டேன். இப்போது என்மேல் அவர் மனுப் போட்டிருக்கிறார். நான் செய்ததில் என்ன தவறு?
– வாசகி, கரூர்

உங்கள் கோபம் நியாயமானது. எடுத்த வழிதான் தவறு. ஜீவனாம்சம் ஓர் உத்தரவு, பிள்ளையைப் பார்ப்பது வேறோர் உத்தரவு. அவர் ஒன்றை மீறினார் என்பதற்காக நீங்கள் மற்றதை மீற முடியாது. இரண்டுக்கும் முடிச்சுப் போட்டால் தண்டனை உங்கள் மகனுக்குத்தான். வருகிற ஞாயிறே அனுப்பத் தொடங்குங்கள். அதைத் தேதியோடு எழுதி வைத்து, அவருடைய மனுவுக்கான பதிலில் சொல்லுங்கள்.

பாக்கியை வசூலிக்கத் தனி வழி உண்டு. உங்கள் உத்தரவு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவின் கீழ் வந்ததா என்று பாருங்கள் (2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் வந்த பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய சட்டத்தில் அது 144-ஆம் பிரிவு). அப்படியானால் வசூல் மனுப் போடலாம். அதன் பிறகும் அவர் கட்டாவிட்டால் ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு. ஆனால் ஒவ்வொரு தொகைக்கும் கெடு, அது தர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடம். அதைத் தாண்டினால் இந்த வழி அடைபட்டுவிடும், தள்ளிப் போடாதீர்கள். இந்து திருமணச் சட்டத்தின் கீழ் வந்த உத்தரவு என்றால் நிறைவேற்று மனுப் போட்டு அவர் சம்பளத்தைப் பற்றுகை செய்ய, அதாவது அதிலிருந்து பிடித்துத் தர, கேட்கலாம்.

அவருக்கு வேலை போயிருக்கலாம். அப்போதும் தொகையைக் குறைக்கச் சொல்லி கோர்ட்டில்தான் அவர் கேட்டிருக்க வேண்டும், தானாக நிறுத்த உரிமையில்லை. "பிள்ளையைக் காட்டவில்லை, அதனால் பணம் தரமாட்டேன்" என்று எழுதும் அப்பாக்களுக்கும் என் பதில் இதேதான்.

வக்கீல் ஃபீஸ் கட்ட முடியாவிட்டால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். தொலைபேசி எண் 15100.

ஊர்ப் பெரியவர்கள் முன்னால் 100 ரூபாய் பத்திரத்தில் விடுதலை எழுதிக்கொண்டோம். "குழந்தைக்காக இனி எதுவும் கேட்கமாட்டேன்" என்றும் எழுதி வாங்கினார்கள். இப்போது எனக்கு மறுமணம் பேசுகிறார்கள். செய்துகொண்டால் மகளை அவர் பிடுங்கிக்கொள்வாரா?
– பெயர் வேண்டாம், தேனி மாவட்டம்

முதலில் ஒன்று, அம்மா: சட்டத்தின் கண்ணில் நீங்கள் இன்னும் அவருடைய மனைவி. சமூக வழக்கப்படியான விவாகரத்தைச் சட்டம் ஏற்கிறது. ஆனால் அப்படியொரு வழக்கம் உண்டென்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும், அது மிகக் கடினம். அந்தப் பத்திரத்தை நம்பி மறுமணம் செய்தால் அது செல்லாது, ஏழு வருடம் வரை சிறைக்குரிய குற்றமும் ஆகும். கல்யாணத் தேதியைத் தள்ளி வையுங்கள்.

இருவருக்கும் சம்மதம் என்பதால் இந்து திருமணச் சட்டம் 13-பி பிரிவில், பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு மனுப் போடுங்கள். ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். அதன் பிறகான ஆறு மாதக் காத்திருப்பை, தகுந்த வழக்குகளில் நீதிபதி தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொல்லிவிட்டது.

குழந்தைக்காகக் கேட்கமாட்டேன் என்ற வரிக்கு மதிப்பில்லை. பராமரிப்பு உங்கள் மகளின் உரிமை, அதை நீங்கள் எழுதிக் கொடுக்க முடியாது. மறுமணம் மட்டுமே தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கக் காரணமாகாது என்பதும் 2006-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னதுதான். பயப்படாதீர்கள்.

சிங்கப்பூரில் வேலை. மாதம் ஒருமுறை நேரில் பார்க்கலாம் என்று உத்தரவு, என்னால் வர முடியவில்லை. மகள் குரலைக் கேட்டே மூன்று மாதமாகிறது.

உத்தரவை மாற்றக் கேளுங்கள், கஸ்டடி உத்தரவுகள் எப்போதும் மாற்றத்துக்கு உட்பட்டவை. பிள்ளை தன்னிடம் இல்லாத பெற்றோர் தினமும் ஐந்து, பத்து நிமிடமாவது பிள்ளையோடு பேச வேண்டும் என்று யஷிதா சாஹு வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. மனுவில் நேரத்தைத் துல்லியமாக எழுதுங்கள்: அங்கே இரவு ஒன்பது என்றால் இங்கே மாலை ஆறரை, பிள்ளை விழித்திருக்கும். மே விடுமுறையில் சேர்ந்தாற்போல் சில நாள்களும் கேளுங்கள்.

மகனுக்கு ஐந்து வயது முடியப்போகிறது. இனி அப்பாவிடம்தான் போக வேண்டுமா?

இல்லை. ஐந்து வயது வரை சாதாரணமாகத் தாயிடம் என்பதுதான் சட்டம். அதன் பிறகு தானாக எதுவும் மாறாது, குழந்தையின் நலனே அளவுகோல்.

ஒன்பது வயது மகளை நீதிபதி கூப்பிட்டிருக்கிறார். என்ன சொல்லச் சொல்வது?

எதையும் சொல்லிக் கொடுக்காதீர்கள். விவரம் தெரிந்த குழந்தையின் விருப்பத்தை நீதிபதி கேட்கலாம் என்று 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டமே சொல்கிறது. அதற்கு வயது வரையறை இல்லை. பெரும்பாலும் தன் அறையில், பெற்றோரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் பேசுவார். மனப்பாடம் செய்த வரிகள் சட்டென்று தெரிந்துவிடும், அது உங்களுக்கே எதிராகப் போகும். "யார் கேட்டாலும் உனக்குத் தோன்றுவதைச் சொல், நான் கோபப்பட மாட்டேன்" என்று மட்டும் சொல்லுங்கள், அதை உண்மையாகவே சொல்லுங்கள். அன்று கேஸ் கூப்பிட மத்தியானம்கூட ஆகலாம். அவளுக்குச் சாப்பாடும் ஒரு கதைப் புத்தகமும் எடுத்துப் போங்கள்.