பச்சையும் செம்மஞ்சளும் எந்தப் பக்கம்?

கேள்வி: அக்கா, பெப்ரவரி 4ஆம் திகதி சுதந்திர தினத்துக்காக எங்கள் வாசிகசாலைக்குப் பெரிய இலங்கைத் தேசியக் கொடி ஒன்று அச்சடிக்கக் கொடுத்திருக்கிறோம். காட்டிய மாதிரியில் செம்மஞ்சள் முதலிலும் பச்சை அடுத்ததாகவும் இருக்கிறது. "ரெண்டு பக்கமும் ஒரே படத்தை அடிச்சு, சேர்த்துத் தைச்சுத் தாறம்" என்கிறார்கள். சரியா? அந்தக் கோடுகள் எதைக் குறிக்கின்றன?
- வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: சரியில்லைத் தம்பி, மாற்றச் சொல்லுங்கள். கம்பத்தை ஒட்டி முதலில் பச்சை, அடுத்து செம்மஞ்சள், அப்புறம்தான் கருஞ்சிவப்பில் சிங்கம். பச்சை முஸ்லிம்களுக்கு, செம்மஞ்சள் தமிழருக்கு. சிங்கம் வலது முன்காலில் வாளோடு, கோடுகளைப் பார்த்தபடி நிற்க வேண்டும். மஞ்சள் கரை முழுவதையும் சுற்றி வந்து, சிங்கத்துக்கும் கோடுகளுக்கும் இடையிலும் ஓடும். பச்சைக்கும் செம்மஞ்சளுக்கும் நடுவே கரை கிடையாது.

இரண்டு பக்கமும் ஒரே படம் என்பதுதான் பெரிய பிழை. அப்படித் தைத்தால் பின்பக்கத்தில் கோடுகள் கம்பத்தை விட்டு மறுகரைக்குப் போய்விடும். பின்பக்கத்துப் படம் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பியிருக்க வேண்டும். மெல்லிய பொலியெஸ்டரில் ஒரு பக்கம் மட்டும் அடித்தால் சாயம் ஊடுருவி அது தானாகவே சரியாக வரும், செலவும் குறையும். சித்திரம் படிப்பித்த காலத்தில் பிள்ளைகளுக்குக் கொடியைத் தாளில் வரையவைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பின்பக்கத்தைப் பார்க்கச் சொல்வேன். உங்கள் அச்சகக்காரருக்கும் அப்படியே காட்டுங்கள்.

இந்தக் கோடுகள் சும்மா வந்தவை அல்ல. 1948இல் சுதந்திரத்தன்று ஏறிய சிங்கக்கொடியில் அவை இல்லை. பிறகு எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க தலைமையிலான குழு கூடிப் பேசியது. தமிழ்த் தலைவர் ஜீ.ஜீ. பொன்னம்பலம், முஸ்லிம் தலைவர் ரீ.பீ. ஜாயா, தமிழரான செனட்டர் நடேசன் எல்லோரும் அதில் இருந்தார்கள். கோடுகளைச் சேர்க்கும் முடிவுக்குக் குழு வந்தது. நடேசன் மட்டும் அந்த வடிவத்துக்கு உடன்படவில்லை. 1951இல் பாராளுமன்றம் அதை ஏற்றது. நம்மைச் சிங்கத்தின் கட்டத்துக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள் என்ற மனக்குறை தமிழரிடம் இன்றும் உண்டு. எனக்கும் உண்டு. ஆனாலும் நமக்கென்று அந்தத் துணியில் இருப்பது அந்த ஒரு கோடுதான். 2015இல் கோடுகளே இல்லாத கொடியைக் கொழும்புத் தெருவில் சிலர் தூக்கி நின்றபோது எனக்கு நெஞ்சு கொதித்தது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சிங்கம் நிற்கும் கட்டத்தின் மூலைகளையும் பாருங்கள். நான்கிலும் வெள்ளரசு இலை இருக்க வேண்டும். அன்பு, கருணை, பிறர் மகிழ்ச்சியில் மகிழ்தல், நடுநிலை என்ற நான்கையும் அவை குறிக்கின்றன. 1972இல்தான் இலை இந்த வடிவத்துக்கு வந்தது. அதற்கு முந்திய கொடிப் படங்களும் இணையத்தில் கிடக்கின்றன, அதில் ஒன்றை எடுத்து அடித்துவிடப் போகிறார்கள். அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணையில் உள்ள படத்தைக் கொடுத்து அதையே பின்பற்றச் சொல்லுங்கள். நீளம் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு.

முழுக்கொடியையும் அடிக்க முதல் சிறிய துண்டு ஒன்றில் மாதிரி வாங்கிப் பாருங்கள். கருஞ்சிவப்பு அச்சில் பழுப்பாகவோ பளிச்சென்ற சிவப்பாகவோ மாறிவிடுவதுண்டு. கம்பத்துக் கயிறு நுழையும் மடிப்பைப் பச்சைப் பக்கத்தில் தைக்கும்படி சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள்.