டிராக்டர் இழுவைப் போட்டியில் ஸ்லெட் எல்லோருக்கும் ஒரே பாரம்தானா?

கேட்டவரின் குறை இது: ஒரே எடைப் பிரிவில் பத்து டிராக்டர்கள்; ஸ்லெட் என்ற பார வண்டியை யார் அதிக தூரம் இழுப்பது என்று போட்டி. முதல் ஆளாக இறங்கிய அவருடைய வண்டி 270 அடியில் நின்றுவிட்டது. பின்னால் வந்தவர்களில் நாலைந்து பேர் 290 அடியைத் தாண்டினார்கள். ஸ்லெட்டின் பாரம் ஆளுக்கு ஆள் மாறுகிறதா, யாராவது வேண்டுமென்றே மாற்றுகிறார்களா என்று கேட்கிறார்.

அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் கவுண்டி ஃபேர் (மாவட்டத் திருவிழா) போட்டிகளில் ஆறு கோடைகளாக செயின் மாட்டும் வேலை செய்கிறேன். டிராக்டருக்கும் ஸ்லெட்டுக்கும் நடுவில் நிற்கிற ஆள் நான்தான். அங்கிருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: பாரம் மாறலாம், மாறியும் பார்த்திருக்கிறேன். ஆனால் உங்கள் 20 அடி பெரும்பாலும் ஸ்லெட்டில் போனதாக இருக்காது, மண்ணில் போனதாகத்தான் இருக்கும்.

முதலில் ஸ்லெட்டைப் பார்ப்போம். அதன் பின்பக்கம் சக்கரம், முன்பக்கம் தரையில் உரசும் ஒரு பெரிய இரும்புத் தகடு. மேலே சாய்வான தண்டவாளத்தில் எடைக்கட்டிகள் நிறைந்த பெட்டி. புறப்படும்போது பெட்டி பின்சக்கரங்களின் மேல் இருப்பதால் வண்டி லேசாக உருளும். ஸ்லெட்டின் சக்கரம் சுழலச் சுழல, கியரும் செயினும் பெட்டியை முன்னால் இழுத்துக்கொண்டு போகும். எடை சக்கரத்திலிருந்து தகட்டுக்கு மாறும், தகடு மண்ணை அழுத்தும், உராய்வு ஏறிக்கொண்டே போகும். கடைசியில் டிராக்டர் மூச்சடைத்து நிற்கும், இல்லை 300 அடியைத் தாண்டி ‘ஃபுல் புல்’ வாங்கும். ஐரோப்பாவில் இந்தத் தூரம் 100 மீட்டர்.

இதில் அழகான விஷயம், பெட்டி நகர்வது நேரத்தை வைத்து அல்ல, ஓடிய தூரத்தை வைத்து. வேகமாகப் போனவருக்கும் மெதுவாகப் போனவருக்கும் 150ஆவது அடியில் பெட்டி ஒரே இடத்தில்தான் இருக்கும். ‘வேகமாகப் போனால் பெட்டியும் வேகமாக ஏறிவிடும், அதனால் நஷ்டம்’ என்று சிலர் சொல்வதில் அர்த்தமில்லை. வேகம் உந்துவிசையாக டிராக்டருக்கு உதவத்தான் செய்யும்.

பழைய முறையில் இந்த நேர்மை கிடையாது. 1929இல் மிசௌரியின் பௌலிங் கிரீனிலும் ஒஹாயோவின் வான்ஸ்வில்லிலும் மோட்டார் இழுவைப் போட்டி தொடங்கியதாகச் சொல்வார்கள். அன்றிருந்த ஸ்லெட்டுகளில் ஒரு வகை, பாதை ஓரமாக ஆட்களை வரிசையாக நிறுத்தி, கடக்கும்போது ஒவ்வொருவராக ஏறச் சொல்வது. ஒருவர் கால் தவறினால் அந்த டிராக்டருக்கு ஒரு ஆள் பாரம் மிச்சம். வேகம் கூடக் கூட அது ஆபத்தாகவும் ஆனது. ஊருக்கு ஊர் விதியும் வேறு. 1969இல் எட்டு மாநிலக்காரர்கள் சேர்ந்து தேசிய டிராக்டர் இழுப்போர் சங்கத்தை அமைத்த பிறகுதான் விதிகள் ஒரு ஒழுங்குக்கு வந்தன.

சரி, எடை மாற்றும் ஸ்லெட் வந்துவிட்டதே, இனி எங்கே தவறு வரும்? பெரும்பாலும் பெட்டியின் தொடக்க இடத்தில். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பெட்டி 20,000 பவுண்டு, தண்டவாளம் 30 அடி, பாதை 300 அடி என்று வையுங்கள். பாதையில் 10 அடிக்குப் பெட்டி 1 அடி நகரும். திரும்ப இழுத்து வைக்கும்போது பெட்டி வெறும் 6 அங்குலம் முன்னால் நின்றுவிட்டால், அடுத்த டிராக்டருக்குத் தகட்டில் சுமார் 330 பவுண்டு கூடுதலாகத் தொடங்கும். வேறு மாதிரிச் சொன்னால், 5 அடி கழித்து வரவேண்டிய பாரம் 5 அடி முன்னாலேயே வந்துவிடும். முதலிடத்துக்கும் மூன்றாமிடத்துக்கும் நடுவே அரை அடிகூட இல்லாத வகுப்புகளை, அதாவது எடைப் பிரிவுகளை, பார்த்திருக்கிறேன். அங்கே இந்த 6 அங்குலம் பரிசையே மாற்றிவிடும்.

இது எனக்கு வெறும் கணக்கு இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி, மழை விட்டுப்போன மண். ஆறாவது டிராக்டருக்குச் செயின் மாட்டிவிட்டு நிமிர்ந்தபோது, தண்டவாளத்தில் இருந்த வெள்ளை பெயின்ட் கோடு கண்ணில் பட்டது. பெட்டியின் விளிம்பு அந்தக் கோட்டைத் தொட்டு நிற்க வேண்டும். நான்கு விரல் தள்ளி நின்றது. டார்ச் அடித்துப் பார்த்தால் பின்தடுப்பில் களிமண் அப்பி, செங்கல் மாதிரி இறுகியிருந்தது. கையை ஆட்டி நிறுத்தச் சொன்னேன். ஸ்லெட்டை இயக்கும் ஆப்பரேட்டர் இறங்கி வந்து பார்த்தார், ஒரு வார்த்தை மறைக்கவில்லை. எப்போதிருந்து இப்படி என்று சொல்ல முடியாததால் ஐந்து பேரையும் மறுபடி இழுக்க வைத்தார்கள். அதுவரை முதலிடத்தில் இருந்தவர் மறு இழுப்பில் மூன்றாவதாக வந்தார். அவர் முகத்தை நான் மறக்கவில்லை. ஆனாலும் செய்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு டிராக்டருக்கும் கோட்டைப் பார்க்காமல் நான் செயினைக் கொக்கியில் போடுவதில்லை.

ஸ்லெட் டயரின் காற்றும் இதே வகைதான். காற்று குறைந்தால் டயர் ஒரு சுற்றில் கடக்கிற தூரம் குறையும். அதே பாதைக்குச் சக்கரம் அதிகம் சுற்றும், பெட்டி சீக்கிரம் ஏறும். மதியம் நிரப்பிய காற்று ராத்திரிக் குளிரில் இறங்கும் என்பதை நிறையப் பேர் கவனிப்பதே இல்லை. செயினின் நீளமும் டிராக்டரின் கொக்கி உயரமும் மாறினால் இழுக்கும் கோணம் மாறும். கோணம் மேல்நோக்கிப் போனால் தகட்டின் பாரத்தில் கொஞ்சம் டிராக்டரின் பின்சக்கரத்துக்கு வந்து பிடிமானம் கூடிவிடும். அதனால்தான் கொக்கி உயரத்தை அளவுகோல் வைத்துச் சோதிக்கிறார்கள்.

இன்னொன்று, ‘இந்த ஸ்லெட் உண்மையில் எத்தனை பவுண்டு?’ என்று சண்டை போடுவது வீண். மண் மாறினால் அதே எடை வேறு இழுப்பு. போன வாரம் வேறு ஊரில் 310 அடி போனேன் என்பதும் இங்கே செல்லாது. ஒரு வகுப்புக்குள் முதல் ஆள் முதல் கடைசி ஆள் வரை அமைப்பு மாறக்கூடாது, அவ்வளவுதான் கேட்க வேண்டிய நியாயம். நாலைந்து ஃபுல் புல் விழுந்து கூட்டம் ஆர்ப்பரிக்கட்டும் என்று லேசாக வைப்பதும், ஒருவர்கூடத் தாண்டாதபடி இறுக்கி வைப்பதும் ஆப்பரேட்டரின் தீர்மானம். வகுப்பு தொடங்கிய பிறகு கியரையோ எடையையோ தொட்டால், அதற்கு முன் இழுத்த எல்லோரையும் மறுபடி கூப்பிட வேண்டும்.

இப்போது உங்கள் 20 அடிக்கு வருகிறேன். காலையில் தண்ணீர் தெளித்து உருளை ஓட்டிய களிமண்ணில் முதல் டிராக்டர் இறங்கும்போது மேல்மண் வழுக்கலாகவே இருக்கும். இரண்டு மூன்று டிராக்டர் போன பிறகு ஈரம் கொஞ்சம் வற்றி, மண் இறுகி, டயர் கவ்வ ஆரம்பிக்கும். இன்னும் போகப் போகக் காய்ந்து பொடியானால் மறுபடி தூரம் குறையும். ராத்திரிப் பனி இறங்கினால் அது தனிக் கதை. இதற்காகவே முதல் ஆளைச் சோதனை இழுப்பாகக் கருதி, கிடைத்த தூரத்தை வைத்துக்கொள்ளவோ விட்டுவிட்டுப் பின்னால் வந்து மறுபடி இழுக்கவோ உரிமை கொடுக்கிறார்கள். 270 அடி போய் ‘போதும்’ என்று வைத்துக்கொண்டீர்களோ என்னவோ. என்னைக் கேட்டால், வழுக்கல் தெரிந்த நாளில் அதை விட்டுக்கொடுத்திருப்பேன்.

ஸ்லெட்டா மண்ணா என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. பத்துப் பேரின் தூரத்தையும் இழுத்த வரிசையில் எழுதுங்கள். 270, 276, 283, 291 என்று படிப்படியாக ஏறியிருந்தால் அது மண். சமமாகப் போய்க்கொண்டிருந்து ஒரே இடத்தில் எல்லாருக்கும் திடீரென்று 10 அடி கூடியோ குறைந்தோ இருந்தால், அந்த இடைவெளியில் ஸ்லெட்டில் ஏதோ நடந்திருக்கிறது. அந்தத் தாளோடு ஆப்பரேட்டரிடம் போய்க் கேளுங்கள். நல்ல ஆப்பரேட்டர் வகுப்புக்கு வகுப்பு கியர், பெட்டி எடை, தொடக்கக் கோடு மூன்றையும் நோட்டில் குறித்து வைத்திருப்பார், எடுத்துக் காட்டுவார்.

அடுத்த முறை உங்கள் பெயரைக் கூப்பிட்டதும் வண்டியில் ஏறுவதற்கு முன்னால், தண்டவாளத்தில் அந்தக் கோடு எங்கே, பெட்டி எங்கே நிற்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். தள்ளியிருந்தால் செயின் மாட்டுகிற ஆளிடம் சொல்லுங்கள். இழுத்து முடித்த பிறகு சொன்னால் யாருக்கும் நிரூபிக்க முடியாது.