மகன் கேட்ட மாத்திரை

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகனுக்கு 16 வயது. சென்ற ஆண்டுவரை கால்பந்தும் நண்பர்களுமாக இருந்தவன், சில மாதங்களாக யாரோடும் ஒட்டுவதில்லை. எதைக் கேட்டாலும் எரிந்து விழுகிறான். மதிப்பெண்கள் சரிந்துவிட்டன. தலைவலி, வயிற்றுவலி என்று அடிக்கடி பள்ளிக்கு மட்டம் போடுகிறான். பரிசோதனைகளில் எதுவும் தெரியவில்லை. ஒருநாள் நள்ளிரவில் வந்து, தூக்கம் வர ஏதாவது மாத்திரை இருக்கிறதா என்று கேட்டான்; போனைத் தூர வைத்தால் தூக்கம் தானாக வரும் என்று சொல்லி அனுப்பினேன். மனநல மருத்துவரிடம் போகலாம் என்றால், ‘எனக்கு ஒன்றுமில்லை, நான் என்ன பைத்தியமா?’ என்று கத்துகிறான். என் மகளுக்கு இப்படி ஒரு கட்டம் வந்தபோது அவளே வந்து சொன்னாள். பையன்கள் ஏன் வாய் திறப்பதில்லை? கட்டாயப்படுத்தி அழைத்துச் செல்லலாமா? பள்ளியிலும் உறவினர்களிடமும் இதைச் சொல்ல வேண்டுமா?

பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரியிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் மகன் நள்ளிரவில் எழுந்து வந்து தூக்க மாத்திரை கேட்டிருக்கிறான். அவன் வாய் திறப்பதில்லை என்று வருந்தும் அதே கடிதத்தில்தான் அவன் வாய் திறந்த செய்தியும் இருக்கிறது. உங்கள் இடத்தில் பெரும்பாலான தகப்பன்கள் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் இந்த வயதுப் பையன்கள் உதவி கேட்பது பல நேரங்களில் இப்படித்தான் இருக்கும்: உடம்பைச் சாக்காக வைத்து, பாதி வாக்கியத்தில், பின்வாங்க ஒரு வழியை விட்டுவைத்துக் கேட்பார்கள். ‘மனசு சரியில்லை’ என்று சொல்லிவிட்டால் அதைத் திரும்பப் பெற முடியாது; ‘தூக்கம் வரவில்லை’ என்று சொன்னால், கேட்பவரின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று அறைக்குத் திரும்பிவிடலாம்.

எரிந்து விழுவதையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் அமெரிக்க நோயறிதல் கையேடு, சிறுவர்களிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் மனச்சோர்வின் முதன்மை அறிகுறி துயரமாக இல்லாமல் எரிச்சலாகவே இருக்கலாம் என்று சொல்கிறது. பிடித்த விளையாட்டை விடுவது, தூக்கம் கெடுவது, கவனம் சிதறுவது ஆகியவையும் அதன் அறிகுறிப் பட்டியலில் உண்டு. இவற்றில் பல சேர்ந்து இரண்டு வாரம் நீடித்தாலே மருத்துவர் கவனிக்கத் தொடங்குவார். உங்கள் மகனுக்கு மனச்சோர்வுதான் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் இத்தனை மாதங்களாக நீடிக்கும் ஒன்றை வயசுக்கோளாறு என்று தள்ளிவிடவும் முடியாது. (அந்த வயதில் உடலின் தூக்க நேரம் இயல்பாகவே பின்னுக்குத் தள்ளிப்போகும் என்பதால், எல்லாப் பழியையும் போன் மீது போட வேண்டியதில்லை.)

மகள் சொன்னாள், மகன் ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். பையன்கள் அழுதால், ஆம்பளைப் பிள்ளை அழலாமா என்று சிறு வயதிலேயே அடக்கப்படுகிறார்கள். கோபப்பட்டால் மற்றவர்கள் விலகி வழிவிடுகிறார்கள். எந்த உணர்ச்சியை வெளியே காட்டலாம் என்பதை அவர்கள் இதிலிருந்துதான் கற்கிறார்கள். அவர்களுடைய நட்பும் பெரும்பாலும் சேர்ந்து ஏதாவது செய்வதில் நிற்பது. ஆட்டத்துக்குப் போவது நின்றால் பேச்சும் நின்றுவிடும். இளைஞர்கள் உதவி தேடாததன் காரணங்களை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டவை, பிறர் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம், சொன்னது வெளியே போய்விடும் என்ற பயம், தானே சமாளித்துக்கொள்ள வேண்டும் என்ற பிடிவாதம் ஆகியவைதான். இவற்றைவிட என்னைக் கவலைகொள்ள வைப்பது, தற்கொலை எண்ணம் வலுக்க வலுக்க உதவி கேட்கும் மனம் குறைந்துகொண்டே போவதாக ஆய்வுகளில் தெரியவந்திருப்பது. அவனாகக் கேட்கட்டும் என்று காத்திருப்பது ஆபத்து என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆகவே ஒரு கேள்வியை நீங்கள் நேரடியாகக் கேட்டாக வேண்டும்: ‘செத்துப்போகலாம் என்று எப்போதாவது தோன்றுகிறதா?’ இப்படிக் கேட்பதே அந்த எண்ணத்தை விதைத்துவிடும் என்ற அச்சத்துக்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. கேட்கப்பட்டவர்களில் பலர் ஆறுதலே அடைகிறார்கள். உலக அளவில் தற்கொலையால் இறக்கும் ஆண்களின் விகிதம் பெண்களுடையதைப்போல் இரு மடங்குக்கும் மேல் என்பதை நினைவில் வையுங்கள். உங்கள் மகன் தூக்கத்துக்காகவே மாத்திரை கேட்டிருக்கக்கூடும். அப்படியே இருந்தாலும் வீட்டிலுள்ள மாத்திரைகளை எல்லாம் இன்றே பூட்டி வையுங்கள். நீங்கள் கேட்ட கேள்விக்கு ஆம் என்று அவன் சொன்னால் பதறாமல், அறிவுரை சொல்லாமல் கேளுங்கள், தனியே விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அந்த நிலையில் மட்டும், அவன் மறுத்தாலும் அழைத்துச் செல்லத்தான் வேண்டும்.

அப்படி இல்லையென்றால் கட்டாயம் வேண்டாம். வேறு எங்கோ போவதாகப் பொய் சொல்லி அழைத்துப் போவதும் வேண்டாம், அதோடு உங்கள் சொல்லுக்கு மதிப்பு போய்விடும். அவனே ஒப்புக்கொண்ட தொல்லைகள் தூக்கமின்மையும் தலைவலியும்தான். ‘அன்றைக்கு நீ மாத்திரை கேட்டபோது நான் சரியாகக் கவனிக்கவில்லை, இப்போதும் தூக்கம் வருவதில்லையா?’ என்று தொடங்குங்கள். முகத்துக்கு முகம் உட்கார வைத்துக் கேட்டால் விசாரணை போலிருக்கும். இருவரும் ஏதோ வேலையாக இருக்கும்போது கேட்பது எளிது. வழக்கமான மருத்துவரிடமே முதலில் போகலாம். ஆலோசகர் ஆணா பெண்ணா என்பதை அவன் தேர்ந்தெடுக்கட்டும். நீங்கள் வெளியே இருப்பீர்கள், உயிருக்கு ஆபத்து என்றால் தவிர அவன் சொல்வதை அவர் பொதுவாக உங்களிடம் சொல்ல மாட்டார் என்பதை முன்பே தெரியப்படுத்துங்கள். ‘மூன்று தடவை போய்ப் பார், பிறகு தொடர்வதா என்று நீயே முடிவு செய்’ என்று சொன்னால் ஒத்துக்கொள்ளும் பையன்கள் உண்டு.

சிகிச்சையால் பலன் உண்டா என்று அவன் கேட்டால் சொல்வதற்கு ஒரு தகவல். 2004-ல் அமெரிக்காவில், மனச்சோர்வுள்ள 12 முதல் 17 வயதுவரையிலான 439 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு வெளியானது. மருந்தும் பேச்சுவழிச் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களில் 71 சதவீதம் பேருக்கு 12 வாரங்களில் நல்ல முன்னேற்றம். ஒப்பிடுவதற்காக, மருந்தே இல்லாத வெற்று மாத்திரை பெற்றவர்களில் 35 சதவீதம் பேருக்கே அது கிடைத்தது. மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். அந்தத் தொடக்க வாரங்களில் சிலருக்குத் தற்கொலை எண்ணம் கூடலாம் என்பதால் நெருங்கிக் கவனிக்க வேண்டும். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது.

பள்ளியைப் பொறுத்தவரை, அவன் சம்மதத்தோடு, அவன் நம்பும் ஓர் ஆசிரியரிடம் மட்டும், விடுப்புக்கும் தேர்வுக்கும் தேவையான அளவு சொன்னால் போதும். உறவினர்களிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. யாராவது அவன் முன்னிலையில் கேட்டால் என்ன பதில் சொல்வது என்பதை மட்டும் அவனோடு பேசி முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்