அந்த நம்பர் யாருடையது?

கேள்வி: அம்மா, நான் கேரளத்தின் தேவிகுளம் தாலுக்காவில் ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கிறேன். அம்மா கொழுந்து எடுக்கிறார், அப்பா ஜீப் ஓட்டுகிறார். பத்தாவது வரை தமிழ் மீடியம். வக்கீலாக வேண்டும் என்பது சின்ன வயது ஆசை. போன டிசம்பரில், பிளஸ் டூ படிக்கும்போதே தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத் தேர்வான கிளாட் எழுதினேன். கவுன்சலிங்குக்குத் தகுதி என்று வந்ததாம், ஆனால் தேதி தெரியாமல் போய்விட்டது. அது என் விதி. இந்த வருடம் மறுபடி எழுதப் போகிறேன். விண்ணப்பம் போட பெரியப்பா மகன் அண்ணனிடம் சொல்லியாகிவிட்டது. மெயில், நம்பர் எல்லாம் அவருடையதுதான். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்குத் தனி நம்பர் என்பார் அப்பா. என் கவலை என் இங்கிலீஷ் பற்றித்தான். கடன் வாங்கி எர்ணாகுளத்தில் கோச்சிங் சேரலாமா? வசதியான வீட்டுப் பிள்ளைகளோடு என்னால் போட்டி போட முடியுமா?

– பெயர் வேண்டாம், வயது 18

பதில்: மகளே, போட்டி போட முடியுமா என்று கேட்கிறாய். போன டிசம்பரிலேயே போட்டு, கவுன்சலிங் வரைக்கும் வந்துவிட்டாய். தமிழ் மீடியத்தில் படித்த அதே இங்கிலீஷை வைத்துக்கொண்டுதான் வந்தாய். அதனால் இங்கிலீஷ் பேச்சை அப்புறம் பார்க்கலாம். முதலில் எனக்கு இதைச் சொல்: கவுன்சலிங் தேதி உனக்குத் தெரியாமல் போனது எப்படி?

விதி என்று எழுதியிருக்கிறாய். விதி இல்லை. மெயில் வந்திருக்கிறது. வேறொருவர் போனுக்கு வந்திருக்கிறது. அண்ணன் பார்க்கவில்லை, அல்லது பார்த்துவிட்டு உன்னிடம் சொல்ல மறந்துவிட்டார். தகுதி என்று வந்தது என்றுகூட நீ எழுதவில்லை, 'வந்ததாம்' என்று எழுதியிருக்கிறாய். உன் பரீட்சையின் முடிவு உனக்கே காதுவழிச் செய்தி. இவ்வளவு நடந்த பிறகும் இந்த வருடமும் அவரிடமே சொல்லியாகிவிட்டது என்கிறாயே, அந்த வரியைப் படித்ததும் கோபம் வந்தது எனக்கு.

அண்ணன்மேல் எனக்குக் கோபம் இல்லை. இந்தப் பக்கத்தில் எந்தக் குடும்பத்தை எடுத்தாலும் கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை ஒன்று இருக்கும். ரேஷன் கார்டிலிருந்து காலேஜ் வரை மொத்தக் குடும்பத்தின் விண்ணப்பமும் அதன் தலையில்தான். அந்தப் பையனுக்கும் வேலை இருக்கிறது, வாழ்க்கை இருக்கிறது. அவன் உனக்கு உதவி செய்தான். நீ உதவியோடு நிற்காமல் உன் பொறுப்பையே அவன் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாய்.

கிளாட் கவுன்சலிங் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள். கூப்பிட்டவர்கள் சில நாட்களுக்குள் பல ஆயிரம் ரூபாய் கட்டிப் பதிவு செய்ய வேண்டும். எந்தப் பல்கலைக்கழகம் முதலில், எது அடுத்து என்று வரிசை கொடுக்க வேண்டும். பட்டியல் வந்ததும், கிடைத்த இடமே போதும் என்றால் ஃப்ரீஸ், இதைவிட மேலானது வருமா என்று காத்திருக்க ஃப்ளோட், வேண்டாம் என்றால் எக்ஸிட். இதற்கும் கெடு உண்டு. தவறினால் அந்த இடம் வரிசையில் உனக்குப் பின்னால் நிற்கும் பிள்ளைக்குப் போய்விடும். பெங்களூரா, களமசேரியில் இருக்கும் நுவால்ஸ் சட்டப் பல்கலைக்கழகமா, திருச்சியா என்பது ஐந்து வருட வாழ்க்கை. அந்த வரிசையை அண்ணனா போட முடியும்?

என் அப்பாவும் எஸ்டேட்டில்தான் வேலை பார்த்தார். ஓய்வு பெறுகிற மாதத்தில் ஒருவர் லயத்துக்கு வந்து நான்கு தாள்களில் கைநாட்டு வாங்கிப் போனார். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும், அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். பெரியவர்கள் விஷயம் என்று அடுப்படியிலேயே நின்றுவிட்டேன். பெருவிரலில் ஒட்டிய நீல மையை அப்பா அடுப்புச் சாம்பல் போட்டுத் தேய்த்தது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. பணம் வந்தபோது குறைவாக வந்தது. ஏன் என்று கேட்க எங்கள் டிரங்குப் பெட்டியில் ஒரு நகல்கூட இல்லை. அப்பா கடைசிவரை அதை விதி என்றுதான் சொன்னார். நீயும் அதே வார்த்தையைத்தான் எழுதியிருக்கிறாய்.

2015 செப்டம்பரில் மூணாறு ரோட்டில் உட்கார்ந்த பெண்களைப் பற்றி உன் அம்மாவிடம் கேட்டுப் பார். 20 சதவீத போனஸ் 10 ஆகக் குறைந்ததும் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். அதுவரை அவர்களுக்காகப் பேசியதும் கையெழுத்துப் போட்டதும் யூனியன் தலைவர்கள். அந்தத் தலைவர்களைப் பக்கத்தில் வரவிடாமல், எங்களுக்காக நாங்களே பேசுகிறோம் என்று சொல்லி உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்று பேர் வந்தது அப்போதுதான். அந்த மலையில் வளர்ந்த பெண் நீ.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். அப்பா சொல் கேட்கிற பிள்ளையை எனக்குப் பிடிக்கும். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு போய் வாங்குகிற படிப்பை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஆனால் ஐந்து வருடம் வெளியூர் ஹாஸ்டலுக்கு அனுப்பத் துணிந்த மனிதர் ஒரு சிம் கார்டுக்குப் பயப்படுகிறார் என்றால், அவரிடம் யாரும் உட்கார்ந்து பேசவில்லை என்று அர்த்தம். நீ பேசு, அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசு. உன் நம்பர் அவர்கள் போனிலேயே கிடக்கட்டும், பரவாயில்லை. மெயிலைத் திறக்கிற கை உன் கையாக இருந்தால் போதும். 'அப்பா, போன வருடம் ஒரு மெயில் பார்க்காததால் ஒரு வருடம் போனது' என்று அவரிடம் சொல். இந்தக் கணக்கு அவருக்குப் புரியும். கோச்சிங்குக்குக் கடன் வாங்கப் போகிறவர் அவர்தானே.

கடன் வேண்டாம். கிளாட் இப்போது 120 கேள்வி, இரண்டு மணி நேரம், தப்பான விடைக்குக் கால் மார்க் போகும். ஆங்கிலம், நடப்புச் செய்தி, சட்டம், தர்க்கம், கொஞ்சம் கணக்கு. பெரும்பாலும் ஒரு பத்தியைக் கொடுத்து அதிலிருந்துதான் கேட்பார்கள். தினம் ஒரு ஆங்கிலத் தலையங்கம் படித்து, அது என்ன வாதம் செய்கிறது என்று தமிழில் மூன்று வரி எழுது. பழைய வினாத்தாள்களைக் கடிகாரம் வைத்துக்கொண்டு போடு. விடை தெரியாத கேள்வியைத் தொடாமல் விடவும் பழகு. ஏற்கெனவே இந்தத் தூரம் வந்தவளுக்கு இது போதும் என்பது என் எண்ணம்.

சட்டப் பகுதிக்கு முன்கூட்டியே சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. சட்ட விதியைப் பத்தியிலேயே கொடுத்து, ஒரு சம்பவத்தில் அதைப் பொருத்தச் சொல்வார்கள். உதாரணத்துக்கு, 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் உரிய வயது வந்தவரைத்தான் ஒப்பந்தம் செய்யத் தகுந்தவர் என்கிறது. அந்த வயது 18. இப்போது சம்பவம்: 18 வயதுப் பெண் ஒருத்தி, தான் படித்தே பார்க்காத விண்ணப்பத்தைத் தன் பெயரில் இன்னொருவரைப் போடச் சொல்கிறாள். பொறுப்பு யாருடையது? விடையை நீயே எழுது.

ஒரே வாசலில் நிற்காதே. திருவனந்தபுரம், எர்ணாகுளம், திருச்சூர், கோழிக்கோடு அரசு சட்டக் கல்லூரிகளுக்குக் கேரளம் தனி நுழைவுத் தேர்வு நடத்துகிறது. அதற்கும் போடு. பட்டியல் சாதி ஒதுக்கீட்டில் வருகிறவள் என்றால் சான்றிதழ் வேலையை இன்றைக்கே தொடங்கு. 1950-க்கு முன்னால் குடும்பம் இங்கே இருந்ததற்கு ஆதாரம் கேட்டு நம் ஆட்களை அலைய விடுகிறார்கள். தாத்தா பெயர் இருக்கிற பழைய எஸ்டேட் காகிதத்தைத் தேடி எடு. கவுன்சலிங் நேரத்தில் தாலுக்கா ஆபீஸ் வாசலில் நின்று பயன் இல்லை.

சரி, இந்த வாரம் செய்ய வேண்டியது. உன் ஆதாரைக் கொடுத்து உன் பெயரில் சிம் வாங்கு, புதிதாக மெயில் தொடங்கு. அண்ணனிடம் மரியாதையாகச் சொல்: 'இந்தத் தடவை நானே போடுகிறேன், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.' அக்ஷயா என்கிற அரசு இணையச் சேவை மையத்தில் போட்டாலும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கட்டத்தையும் படி. அப்புறம் அண்ணனின் போனை வாங்கி, அவர் முன்னாலேயே, போன டிசம்பர் மெயிலைத் தேடு. கவுன்சலிங்குக்குக் கூப்பிட்ட மெயில் எந்தத் தேதியில் வந்தது, கடைசி நாள் எது என்று பார்த்து, அந்த இரண்டு தேதியையும் எனக்கு எழுது.